கோழிக்கூண்டுச் சுவர்

12 மே 1986, திங்கள்

புது வீட்டின் முகப்பு மேற்கே பார்த்தது. அங்கே முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்கிறான் மகன் சேகர். பெங்களூரில் பார்த்துவிட்டு வந்த ஆசை. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவர்தான் வேண்டும் என்கிறேன் நான். வெயிலைத் தடுக்கும், காற்று வரும், நாள் முழுதும் மின்விசிறி ஓட வேண்டாம். அவன் அப்பா போனபின் என் பேச்சை அவன் ஒரே தடவையில் கேட்பதில்லை.

அதனால் இன்று கொத்தனார் கரீம் பாயை இடுப்பளவுக்குக் கலவையில்லாமல் அடுக்கச் சொன்னேன். அதன் பின்னால் கொளுத்தாத மெழுகுவர்த்தி ஒன்று, ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து அதன் பின்னால் இன்னொன்று வைத்தேன். நான்கு மணி வெயிலில் கண்ணாடிப் பக்கத்து மெழுகுவர்த்தி தலை கவிழ்ந்துவிட்டது. மற்றது நிமிர்ந்தே நின்றது.

"அம்மா ஜெயிச்சிட்டாங்க தம்பி" என்று கரீம் பாய் சிரித்தார்.

சேகர் சிரிக்கவில்லை. "சூடு கம்மிதான்மா. ஆனா கோழிக்கூண்டு மாதிரி இருக்குது. நீயே ரோட்டுல நின்னு பாரு. புதன்கிழமை கண்ணாடிக்காரர் அளவெடுக்க வர்றார்."

போய் நின்று பார்த்தேன். கோழிக்கூண்டேதான். அவனிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டதும் கான்வென்ட் காலத்துக் காம்பஸ் பெட்டியை எடுத்தேன். ஒன்றுவிட்டு ஒரு கல்லைக் கோணலாகத் திருப்பினால் வரிசைதோறும் நிழல் விழுந்து பின்னல் போலத் தெரிகிறது. காகிதத்தில் தெரிகிறது. சுவரிலும் தெரிய வேண்டும். காலையில் கரீம் பாய் வந்ததும் எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்வேன். எனக்கே பிடிக்காத சுவரை அவனுக்குப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். கண்ணாடிக்காரர் புதன்கிழமை தாராளமாக வரட்டும். ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.