இடக்கை வளையல்

வெள்ளையடிக்க ஆள் வந்ததால் போன வாரம் பீரோவை நகர்த்தினோம். அடியிலிருந்து தூசி அப்பிய மஞ்சள் ரப்பர் பந்து ஒன்று உருண்டு வந்தது. "பேரப் புள்ளைங்க பந்தா சார்?" என்று கேட்டார் வெள்ளையடிக்க வந்தவர். செத்துப்போன என் பெண்டாட்டியுடையது, உன்னுடையது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எத்தனை நாள் இதைத் தேடினாய்! நான்தான் தொலைத்தேன் என்று என் மேல் பழி வேறு போட்டாய். அந்த ஒன்று மட்டும் நான் செய்யாத தப்பு.

உன் இடக்கையில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, தினமும் பிசையச் சொல்லி டாக்டர் வாங்க வைத்த பந்து அது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. ரத்தத்தை வேகமாக வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திருப்பி உள்ளே அனுப்பச் சாதாரண ரத்தக்குழாய் தாங்காது என்றார் டாக்டர். மணிக்கட்டுக்குச் சற்று மேலே தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டால், தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து அது நாளடைவில் பருத்துத் தடிக்கும், அதில் ஊசி போடலாம், அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா என்றார். நீ திருதிருவென்று விழித்தாய். அரியமங்கலத்துப் பட்டறையில் ஆயுசு முழுக்கக் குழாய் பொருத்திய எனக்கு இது விளங்காதா?

"மெயின் லைன்லேர்ந்து வீட்டு லைனுக்கு நேரா கனெக்‌ஷன் குடுக்கறாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

"உங்க பட்டறையில ஒட்டின மாதிரி ஒழுகாம இருந்தா சரி" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு தெரியும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது நம் சுவரில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அது இருக்கும்வரை இணைப்பு நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தினமும் காலையில் நீ பல் விளக்குவதற்கு முன்பே நான் உன் கையைப் பிடித்துப் பார்ப்பேன். சில நாள் காதையே வைத்துக் கேட்பேன். "இருக்கு, இருக்கு, போயி பால் வாங்கிட்டு வாங்க" என்று தள்ளிவிடுவாய். கல்யாணமான புதிதில்கூட நான் உன் கையை இப்படிப் பிடித்ததில்லை என்று நம் மகள் பாப்பாவிடம் போனில் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

அந்தக் கைக்கு ஏகப்பட்ட சட்டம். பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தலைக்கு அடியில் வைத்துப் படுக்கக் கூடாது, வாட்ச், வளையல் எதுவும் கூடாது. வலக்கையில் ஆறு கண்ணாடி வளையல், இடக்கையில் ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறும்போது நான் உன் இடப்பக்கமாகவே நிற்பேன், யாரும் இடித்துவிடக் கூடாதென்று. பாலம் தாண்டும்போது நீ ஆற்றைப் பார்ப்பாய், நான் உன் கையைப் பார்ப்பேன். இவ்வளவு காவல் காத்த நான்தான் அதைக் கெடுத்தேன்.

வையம்பட்டியில் உன் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. நீ ஒரே அத்தை, முதல் வளையல் நீதான் அடுக்க வேண்டும். வளையல்காரர் பெட்டியைத் திறந்து வைத்து, வந்த பெண்களுக்கெல்லாம் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நீ வலக்கையை மட்டும் நீட்டினாய். உன் அண்ணி அதைக் கவனித்துவிட்டார்.

"என்னம்மா இது, ஒரு கை மூளியா இருந்துக்கிட்டு புள்ளத்தாச்சிக்கு வளையல் அடுக்கலாமா? உன் வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் நிக்கிறாருல்ல?"

சுற்றி இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நான் "வேண்டாம்" என்று சொல்வேன் என்று நினைத்துத்தான் பார்த்தாய், அது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கோ வெட்கம். நான் உயிரோடு நிற்கும்போது என் பெண்டாட்டி கையை மூளி என்று நாலு பேர் சொல்வதா என்று ஒரு வறட்டு ரோஷம்.

"ஒரு மணி நேரந்தான, போட்டுக்க" என்றேன்.

நீ இடக்கையை நீட்டினாய். கை கொஞ்சம் உப்பியிருந்ததால் வளையல்காரர் விரல்களைக் குவித்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நான்கு பச்சை வளையல். பிறகு கழற்றப் பார்த்தால் வரவில்லை. நல்ல காரியத்துக்குப் போட்டதை அந்த வீட்டிலேயே உடைக்க உனக்கு மனசில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கையை மடக்கி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாய். வீட்டுக்கு வந்ததும், "காலையில சோப்புப் போட்டுக் கழட்டிக்கலாம், படு" என்று சொன்னதும் நான்தான்.

காலையில் விரல் வைத்தேன். ஒன்றுமில்லை. காதை வைத்தேன். பக்கத்தில் நம் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது, உன் கையில் எதுவும் கேட்கவில்லை. வளையலை உடைத்து எடுத்துவிட்டு மன்னார்புரம் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பறந்தோம். உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். மணிக்கட்டில் வட்டமாகப் பதிந்திருந்த தடத்தைப் பார்த்து டாக்டர் கோபப்பட்டார். "யாரும்மா வளையல் போடச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார், ஆசப்பட்டுப் போட்டுக்கிட்டேன்" என்றாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்று எழுதியது பொய். எனக்கு நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை.

அடைப்பை எடுக்க முடியவில்லை. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி ஏறி, குளிர் ஜுரம் வந்து, கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கினாய். கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்த பாப்பா, பயத்தில் உன்னைத்தான் திட்டினாள். "வளையல் போட்டு அழகு பாக்கற வயசாம்மா இது? எங்களப் பத்தி நெனச்சியா?" நீ கண்ணை மூடிக்கொண்டு, "புத்தி கெட்டுப் போச்சு பாப்பா, விடு" என்றாய். நான் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

பிறகு வலது புஜத்தில் புது ஃபிஸ்டுலா வைத்தார்கள். வலக்கை வளையல்களையும் கழற்றினாய். இடக்கையும் பின்னால் தேவைப்படலாம், இரண்டிலுமே வளையல் வேண்டாம் என்றார் டாக்டர். மூன்று வருஷம் அந்தக் கை ஓடியது. கடைசியில் நின்றது உன் இதயம்தான், கை இல்லை. ஆனாலும் அந்த முதல் கையை நான் கெடுக்காமல் இருந்திருந்தால் என்கிற கணக்கை என்னால் விட முடியவில்லை.

ஒருநாள் பஸ் பாலத்தில் போகும்போது உன்னிடம் கேட்டேன், "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்று. நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பாப்பாவுக்குத் தெரிஞ்சா உங்ககூட பேச மாட்டா. அவ பிடிவாதம் உங்க பிடிவாதம். எனக்கப்புறம் உங்களுக்கு அவதான இருக்கா. அது என்னோட போகட்டும்."

உன்னோடுதான் போயிருக்கும். போன வாரம் உன் திதிக்குப் பாப்பா வந்திருந்தாள். ஆற்றங்கரை அம்மா மண்டபத்தில் எல்லாம் முடித்து, படித்துறையில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"கழுத்துல குழாயோட கெடந்தவங்களப் போயி அழகு பாக்கற வயசான்னு கேட்டேன்பா. அதுக்கப்புறம் அம்மா வளையலே போடல. என்னாலதான போடல?"

டாக்டர் வேண்டாம் என்றதால்தான் என்று சொல்லித் தேற்றியிருக்கலாம். அது உண்மையும்கூட. நீ இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அவள் அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டு என்னால் அதை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை. வையம்பட்டியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உன் அண்ணி மேல் பழி போடாமல், நான் சொன்னதை நான் சொன்னதாகவே சொன்னேன்.

அவள் அழுகை நின்றது.

"நான் அம்மாவத் திட்டினப்ப நீங்க அங்கதானப்பா நின்னீங்க?"

"ஆமா பாப்பா. நின்னேன்."

எழுந்து போனாள். சாயந்திர பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பும்போதுகூட, "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. இன்றோடு ஆறு நாள், போன் இல்லை. நீ பயந்தது நடந்துவிட்டது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இந்த வீட்டில் சத்தமே இல்லை. உன் பேச்சை மீறியதற்கு என்னைக் கோபித்துக்கொள். அவள் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, உன்னைத் திட்டிய பழி முழுக்கத் தன்னுடையது என்று அவள் இனி அழ மாட்டாள். கால்மாட்டில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை என்னால் நிற்க முடியவில்லை.