முகம் அழிந்த நேர்த்திக்காசு

கொட்டாஞ்சேனை

அன்பு மகள் ஷெரோமிக்கு,

மாமி யோசெப்பின் எழுதுகிறேன். நான் சுகம். நீ இருக்கிற சைப்பிரசில் குளிரென்று பக்கத்துவீட்டு டோரின் சொன்னாள், நெஞ்சைப் போர்த்திக்கொண்டு படு. இங்கே ஒரே மழை. கீழ்வீட்டுக் கிளறன்ஸின் சேவலுக்கு இப்போது எங்கள் படியில்தான் படுக்கை. விடியமுன் கத்தி என்னை எழுப்புகிறது. அதை விடு.

அங்கே ஒருவர் உன்னைக் கலியாணம் கேட்கிறார், மாமி சொன்னால்தான் ஓம் என்பேன் என்று எழுதியிருந்தாய். வாசித்த கையோடு அந்தோனியார் படத்துக்குப் பின்னால் இருந்த நேர்த்திக்காசுகளை எடுத்தேன். என் மகன் அனுஜன் உன்னை என்னிடம் விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் ஏறின அன்று நீ ஒன்று, நான் ஒன்று கட்டினோமே, மாமாவின் பெட்டியில் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து ராசாதலைச் செப்புச் சதங்கள். மகன் கரையேறின செய்தி வந்தால் அவிழ்த்து உண்டியலில் போடுவதென்று. எங்கே வந்தது? கடல்காற்றில் துணி இற்று, இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தன.

ஊத்தைக் காசைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா? என்னுடையதை, மெழுகுதிரித் தண்டு துலக்குகிற மாதிரி, தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ராசாவின் முகத்தைத்தான் காணோம். மருதானையில் பழங்காசு விற்கிற புவாத்திடம் கொண்டுபோனேன். நல்ல பிள்ளை, வாப்பாவைப் போலவே வாய். “என்ன அன்ட்டி, ராசாட மூக்கையும் சேத்துக் கழுவிட்டீங்களே” என்று சிரித்தான். புளி, தேசிக்காய் ஒன்றும் ஆகாதாம். பாமசியில் விற்கிற வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, இளகின ஊத்தையை ஈர்க்கு நுனியால் மெல்லத் தள்ள வேண்டுமாம். பிறகு தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டுமாம். அந்தப் பச்சை உடம்புக்குக் கூடாது, கையை நன்றாகக் கழுவச் சொன்னான்.

உன்னுடையதை அப்படியே செய்தேன். பச்சை முழுக்கப் போகவில்லை. முகம் மட்டும் வடிவாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டேன். உன் நேர்த்தி முடிந்தது, மகள். அவருக்கு ஓம் என்று சொல்லு.

என்னுடையதைப் புதுத்துணியில் திரும்பக் கட்டிவிட்டேன். அது இனி அவிழாதென்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டில் ஓராளாவது கட்டி வைத்திருக்க வேண்டாமா?

கலியாணப் படம் அனுப்பு. அந்தோனியார் உனக்குப் பிள்ளைகளைத் தரட்டும். நடக்கத் தொடங்கினதும் நீந்தப் பழக்கு.

என்றைக்கும் உன் மாமி,
யோசெப்பின்