கடைசியில் நிற்கும் பெயர்

சர் கமலாபூர்,
கார்த்திக் மாதக் கடைசி

என் மகள் மர்ஜினாவுக்கு அம்மா எழுதுவது. என் இரண்டு கையும் உன் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு படி. அல்லாவின் தயவில் நானும் ஆடுகளும் சுகம். நீயும் கமருல் மாப்பிள்ளையும் பேத்தி தூலியும் அந்த ஸ்வீடன் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் கவலை, நீ அனுப்பிய படத்தில் தூலியின் காது வெளியே தெரிந்தது, பார்த்தேன். என் முழங்காலைப் பற்றி எழுதினால் நீ மாத்திரை பெயர் சொல்வாய், அதனால் எழுதவில்லை. மேக்னா ஆறு இந்த வருஷம் அக்கரையைத்தான் கடித்தது, நம் பக்கம் வரவில்லை. பேரீச்ச மரங்களில் சாறு இறக்கப் பானை கட்டிவிட்டார்கள், விடியற்காலைப் பனியில் மரம் தெரியாது, பானை மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதைப் பார்த்தபடி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், தப்பானால் திருத்து. நீ எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை வேறு ஊர் டாக்டர்கள் தங்கள் கட்டுரையில் எடுத்துச் சொல்லும்போது, இதைச் சொன்னது இன்னார் என்று போடுவார்கள், அதுவும் உன் பெயரில் கடைசியில் நிற்பதைத்தான் போடுவார்கள். யாரை எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு கணினி கூட்டிவைக்கும், அந்தக் கூட்டலைப் பார்த்துத்தான் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் உனக்குப் பேராசிரியர் வேலை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆனால் மர்ஜினா காத்தூன் என்பதில் அந்தக் காத்தூன் குடும்பப் பெயரே இல்லை, நம் தேசத்தில் பாதிப் பெண்களுக்கு வால்போல ஒட்டியிருப்பது என்று அந்தக் கணினிக்கு எங்கே தெரியும். உன் கட்டுரைகள் எந்தெந்தக் காத்தூனுக்கோ போய்ச் சேர்ந்துவிட்டன, எவளோ எருமை மடிவீக்கத்தைப் பற்றி எழுதியது உன் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஹஸ்னாவிடம் சொன்னேன், குடத்தை இறக்கிவைத்துச் சிரித்தாள், ஏ மர்ஜினா அம்மா, உன் பொண்ணு மாட்டு டாக்டரும் ஆயிட்டாளா, என் எருமையையும் கொஞ்சம் பாக்கச் சொல்லேன் என்றாள். நானும் சிரித்தேன், ஆனால் நெஞ்சில் முள். காணாமல் போனதில் முதலாவது நம் குளத்துக் கட்டுரை, அதைத்தான் அதிகம் பேர் எடுத்துச் சொல்கிறார்கள் என்றாயே. இனிமேல் ஒரே பெயர் என்று சொல்லிவிட்டால் பழையது புதியது எல்லாவற்றையும் அதன் கீழே சேர்த்துவிடுவார்கள், கடைசியில் எதைப் போடட்டும் அம்மா என்று கேட்டாய்.

உன் பெரியப்பா சுலைமானின் காதில் இது விழுந்துவிட்டது. கோலை ஊன்றி வந்து பிரம்பு மோடாவில் உட்கார்ந்தார். நம்ம வம்சப் பேர் இருக்கறப்ப என்ன யோசனை, பூயான்னு போடச் சொல்லு, உலகமே பூயான் சொன்னார்னு எழுதட்டும் என்றார். பாக்கு வெட்டிக் கொடுத்தேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை. உன் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்த உப்பு வியாபாரியை மாப்பிள்ளையாகக் கூட்டிவந்தவர் இவர், அன்று இவர் சட்டையில் மேல்பொத்தான் இல்லை, அதுகூட நினைவிருக்கிறது. அதையாவது விடலாம். உன் தம்பி பாதலைக் குளத்திலிருந்து தூக்கிப் படியில் கிடத்திய அன்று, ஊரே நிற்க, அம்மாக்காரி அடுப்பைப் பாத்தா, தண்ணி புள்ளையைப் பாத்துக்கிச்சு என்றார். நீ பள்ளிக்கூடத்தில், உன் அப்பா ஆற்றில், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியம் வாய்க்கு வாய் போய் ஊர்ஊராய் நடந்தது. எங்கே எந்தக் குழந்தை மூழ்கினாலும் சுலைமான் பூயான் சொன்னாப்ல என்றுதான் தொடங்குவார்கள். எடுத்துச் சொல்ல அவருக்கும் ஆட்கள் இருந்தார்கள் மர்ஜினா, கூட்டிவைக்கத்தான் கணினி இல்லை. அதுவரை பாதலின் அம்மா என்று கூப்பிட்ட ஊர் மறுநாளிலிருந்து என்னை மர்ஜினா அம்மா என்றது. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, இரக்கத்தில்தான் மாற்றினார்கள்.

நீ படித்துவிட்டு வந்து வீடு வீடாக ஏறிக் கேட்டு எழுதினாய். குழந்தைகள் மூழ்குவது காலைச் சமையல் நேரத்தில், வீட்டில் பெண் ஒருத்தி மட்டும் இருக்கும்போது, அது தாயின் அலட்சியம் இல்லை, அந்த நேரத்துக்கு இன்னொரு கை இல்லாததுதான் என்று. முற்றத்தில் உட்கார்ந்து எனக்கு நம் பேச்சில் சொல்லிக்காட்டினாய். நான் மீன் அரிவதை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன். இப்போது ஹஸ்னாவின் தாழ்வாரத்தில்தான் காலை முழுக்கத் தெருக் குழந்தைகள், அவள் பார்த்துக்கொள்கிறாள், குளத்துக்கு மூங்கில் வேலி.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தேன். குளம் நிறைய உன் காகிதங்கள் ஆகாயத்தாமரை மாதிரி மிதக்கின்றன, ஒன்றும் நனையவில்லை. கரையெல்லாம் நான் பார்த்தறியாத முகங்கள், குனிந்து ஆளுக்கொரு காகிதம் எடுத்து வாசிக்கிறார்கள், என்ன பாஷையோ, வாசித்துவிட்டு எல்லாரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். எருமைகூடத் தலையைத் தூக்கிக் கேட்கிறது. விழித்தபோது காதில் அந்தப் பெயர் இருந்தது.

பூயான் வேண்டாம். கமருலின் பெயர் கமருலுக்கு இருக்கட்டும். பாதல் என்று போடு. வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் போய் காகிதத்தில் போடுவதா என்று கேட்பாய். அவனுக்குப் பள்ளிப் பெயர் வைக்க வேளை வரவில்லை, இருந்தது இது ஒன்றுதான், மழைமேகம் இறங்கிய அன்று பிறந்தான் என்று அந்த மேகத்தின் பெயரே உன் அப்பா வாயில் வந்தது. அன்றைக்கு அந்தக் குளக்கரையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டவள் நான் ஒருத்திதான், குரல் தென்னைமரம் வரை போய் என்னிடமே திரும்பி வந்தது. இனி ஜப்பானில் ஒருவர், ஆப்பிரிக்காவில் ஒருவர், பாதல் சொன்னதுபோல என்று எழுதட்டும். வேலை கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் பெயரை மாற்றாதே. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவார், பாக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

நீ கால் வைக்கும் பனி வழுக்காமல் இருக்கட்டும், உன் வீட்டு அடுப்பும் உன் எழுத்தும் அணையாமல் இருக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். தூலிக்குக் காதை மூடு. அவள் குளியல் தொட்டியில் இருக்கும்போது போனை எடுக்காதே, கூப்பிடுவது நானாகவே இருந்தாலும்.

துவாவுடன்,
பாதலின் அம்மா