பாலத்துக்கு வைத்த வெயில்

1974 ஏப்ரல் 28

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், படித்ததை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆறு மாதமாக. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் எங்கள் ஸ்டூடியோவுக்கு யார் வருவார்கள்?

நாற்காலி எங்கே, கேமரா எங்கே என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதனால் ஆள் படம் தெளிவாக விழுந்துவிடுகிறது. அப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விடுவது சும்மா.

படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா உள்ளே வேலையாக இருந்தால் இரண்டு தட்டு தட்டி, அவர் சரி என்ற பிறகுதான் திறப்போம். இல்லாவிட்டால் பேப்பர் கறுத்துவிடும். எனக்கு யாரும் தட்டுவதில்லை. சட்டென்று திறப்பார்கள். அதுதான் பயம்.

ஏப்ரல் 30

இன்ஜினியர் ஞானதுரை சார் முல்லையாற்றில் கட்டப்போகும் பாலத்தின் மாதிரியைக் கொண்டுவந்தார். அட்டையும் பலகையும். மேசை நீளம். மூலையில் வடக்கு காட்டும் அம்பு. கட்டி முடித்தால் எப்படி நிற்கும் என்று மெட்ராஸில் படமாகப் பார்க்க வேண்டுமாம். படம் நன்றாக வந்தால் வருஷம் முழுக்க வேலை. பொம்மை மாதிரி வந்தால் மதுரைக்காரரிடம் போய்விடுவாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதற்குச் சாக்பீஸ் கோடு கிடையாது.

மே 2

அப்பா எடுத்தது பொம்மைதான். கலங்கல் வேறு. பிரிண்டை மூக்கருகே பிடித்து, நல்லா வந்திருக்கு என்றார்.

மே 3

அப்பா சர்ச் கமிட்டிக்குப் போயிருந்தார். மூன்று மணி நேரம் கிடைத்தது.

அந்தப் பாலத்தில் ஆள் நின்றால் என் சுண்டுவிரலில் பாதி உயரம்தான். ஸ்டாண்டின் கால்களைச் சுருக்கி, அவன் கண் உயரத்துக்கு லென்ஸை இறக்கினேன். பாலம் எழுந்து நின்றது.

விளக்குதான் வம்பு. ஆள் படத்துக்கு வைப்பதுபோல் இரண்டு பக்கமும் வைத்தால் ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு நிழல். எந்த ஊரில் இரண்டு சூரியன்? ஒன்றை அணைத்தேன். மற்றதை எங்கே வைப்பது? உச்சி வேளையில் முற்றத்தில் பென்சிலை நட்டுப் பார்த்தேன். சின்ன நிழல், அதுவும் தெற்கே. விளக்கை உயரக் கட்டி, மாதிரியில் அதே நிழல் விழும்வரை வடக்கே தள்ளினேன். வளைவுகளுக்கு அடியில் இருட்டாக இருந்தது. வெளிச்சம் பட்டுத் திரும்ப, கேமரா கண்ணில் படாமல் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டியதும் தெளிந்தது. பாலம் முழுக்கத் தெளிவாக விழ, லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கித் திறந்து எட்டு வரை எண்ணினேன். கேமரா அசையவில்லை.

கழுவிக் காயவைத்து, சாருக்கு வைத்திருந்த கவரிலிருந்து அப்பாவின் படத்தை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டேன்.

மே 6

எல்லாம் போச்சு.

சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நெசப் பாலம்தான் அண்ணாச்சி. ஆனா நிழல் தெக்க விழுந்திருக்கே? வடக்கேருந்தா வெயில் அடிக்குது? மெட்ராஸ்ல சிரிப்பாங்க."

அப்பா வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். படம் தலைகீழாக இருந்தது. சார் படத்தை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்தார்.

நான் பேசிவிட்டேன். ஏன் பேசினேன்?

"சார், இப்ப மணி பன்னெண்டே கால். வாசல்ல நின்னு உங்க நிழலப் பாருங்க. வீரபாண்டித் திருவிழா நேரம் நம்மூர்ல உச்சி வெயில் வடக்கதான் நிக்கும்."

சார் வெறுந்தலையோடு நடுரோட்டில் போய் நின்றார். நிழல் தெற்கேதான் விழுந்தது. திரும்பி வந்து, "இருவது வருசமா பாலம் கட்டுறேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார், படம் எடுத்தது யாரென்று.

"எம்பொண்ணு சுகிர்தம்தான் எடுத்திருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார் அப்பா. "எனக்குக் கண்ணு தெரியல சார்."

சார் கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 7

அப்பா பேசவில்லை.

மே 11

இன்னும் பேசவில்லை. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல என்கிறாள் அம்மா. இருந்திருக்கலாம். ஆனால் நிழல் சரியாகத்தானே விழுந்தது? அதைத் தப்பு என்று எப்படி விடுவது?

மே 17

சாரின் ஜீப் வந்தது. பாலத்துக்கு மெட்ராஸில் சரி என்றுவிட்டார்களாம். இன்னும் இரண்டு மாதிரிகளை இறக்கினார். மதுரையில் கண் டாக்டரிடம் அப்பாவுக்கு நாள் கேட்டு வைத்திருக்கிறார்.

துணிக்குள் இன்று என் தலை. அப்பா விளக்கைப் பிடித்தார். "இன்னும் மேலயா?" என்று கேட்டார். "போதும்ப்பா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

இருட்டறைத் தொட்டியில் பிரிண்ட் கிடக்கிறது. வெளியே செருப்புச் சத்தம். சட்டென்று திறக்கப் போகிறார்கள், நோட்டை எங்கே—

இரண்டு தட்டு.

திறக்கவில்லை. வெளியே நிற்கிறார். அப்பா—