தக்காளி லாரி

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

செல்வி விலகிட்டா. யாரு வேணா எழுதிக் கொடுக்கலாம்ங்கிற எங்க ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு எழுமலையில இருந்து முதல் தடவையா எழுத வந்த பொண்ணு. அவசர வேலையை வரிசையில முன்னாடி தள்ளுற புது வசதிக்கு விளக்கம் எழுதியிருந்தா. அதைச் சரிபார்த்தது நான்.

மதுரை பரவை காய்கறி மார்க்கெட்டை உதாரணம் சொல்லியிருந்தா. வெங்காய லாரி எம்புட்டு நேரம்னாலும் நிக்கும், தக்காளி லாரியை முதல்ல உள்ள விடணும், இல்லேன்னா அழுகிடும். படிச்சதும் சிரிச்சேன். எனக்கே அப்பத்தான் அந்த வசதி முழுசாப் புரிஞ்சுச்சு. அதை அவகிட்டச் சொல்லல. பெரிய மேதாவி மாதிரி, "வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாது, எடுத்துடுங்க"ன்னு எழுதினேன். அதோட கமா, தலைப்பு, வாக்கியம்னு பக்கம் முழுக்கக் குறை.

இன்னைக்கு, "மன்னிச்சுக்கங்க சார், எனக்கு இது வராது போல"ன்னு எழுதிட்டு, அனுப்பினதைத் திரும்ப எடுத்துக்கிட்டா.

கூட வேலை பாக்குற ஜான் போன்ல கேட்டான்: "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டியா மாப்ள?"

"நல்லா இருக்கிற இடத்துல யாரு கமெண்ட் போடுவா?"ன்னேன்.

நாளைக்குள்ள அந்தப் பக்கத்தை நான்தான் எழுதணும். ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுன்னு எதை எதையோ எழுதி அழிச்சுட்டேன். வரிசைன்னு ஆரம்பிச்சாலே தக்காளி லாரிதான் வந்து நிக்குது.