மண்டபத் தூணில் ஒரு மஞ்சள் கோடு

மாமா,

எத்தனை முறை சோப்புப் போட்டும் என் விரல்களிலிருந்து பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசனை போகவில்லை. மதியம் சாப்பிடும்போது அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்தாள். "உங்க மாமா சட்டைப் பையில வருமே, அந்த வாசம்லா இது" என்றாள். பிறகு கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்று நான் செய்தது அவளுக்குத் தெரியாது. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஒரகடம் கம்பெனியில் நீங்கள் நட்டை முடுக்கியதும், நட்டுக்கும் அதன் அடித்தகட்டுக்கும் சேர்த்து மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பீர்கள். பின்னால் நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஷிப்ட் முடிந்து வந்தாலும் அந்தப் பழக்கம் உங்களை விடாது. குக்கர் கைப்பிடி, மின்விசிறி, என் சைக்கிள் சக்கரம் என்று வீட்டில் நீங்கள் முடுக்கியதிலெல்லாம் மஞ்சள் கோடு. "வீட்டையும் கம்பெனியாக்கிட்டியேல" என்று அம்மா திட்டுவாள்.

ஓவர்டைம் இல்லாத விடுமுறை உங்களுக்கு அபூர்வம். அன்றும் உங்களைத் தூங்கவிடாமல், நூலகப் புத்தகத்தில் படித்த ஏதாவது ஒரு பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன். "ஏட்டி, இன்னைக்கு எந்த இடிஞ்ச வீட்டுக்கு?" என்று கொட்டாவி விட்டபடியே வண்டியைக் கிளப்புவீர்கள்.

ஒரு பொங்கல் விடுமுறையில் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, அதற்கு அப்பால் ஏரிக்கரையில் இருந்த கல் மண்டபத்துக்குப் போனோம். பாதிக் கூரை விழுந்திருந்தது. நான் தூணில் இருந்த யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து, பலம்கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தீர்கள்.

"போல்ட்டும் இல்ல, நட்டும் இல்ல. எப்படிட்டி நிக்கு?"

நான் பதில் யோசிப்பதற்குள் மார்க்கரைக் குலுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் தூணிலிருந்து உத்திரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு.

"மாமா! இதெல்லாம் தொடவே கூடாது. அழிங்க!"

எச்சில் தொட்டுத் தேய்த்தீர்கள், சட்டை நுனியால் தேய்த்தீர்கள். போகவில்லை. "கை தானா போயிட்டுட்டி" என்று தலையைச் சொறிந்தீர்கள். வண்டியில் ஏறியதும், "ஒண்ணு பாத்துக்கோ. இனி அது அசைஞ்சா நமக்குத் தெரிஞ்சிரும்" என்றீர்கள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

நேற்று எங்கள் பள்ளித் தொன்மை மன்றத்திலிருந்து அதே மண்டபத்தைச் சுத்தம் செய்யப் போனோம். எல்லாருக்கும் முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான்தான். சுவரெல்லாம் பெயர்கள், அம்பு பாய்ந்த இதயங்கள். தூண் உச்சியில் உங்கள் கோட்டை என் தோழிதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி இது, மஞ்சா கோடு? லவ்வுன்னா பேராவது எழுதுவான். இவன் பேரு கூட எழுதத் தெரியாத லூசு போல கீது!"

எல்லாரும் சிரித்தார்கள். வரலாற்று மிஸ் அண்ணாந்து பார்த்து, "எவனோ வேலைவெட்டி இல்லாதவன்" என்றார்.

நானும் சிரித்தேன் மாமா. மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். என் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று.

உயரமானவள் என்று தின்னர் தொட்ட துணியை என்னிடம்தான் கொடுத்தார்கள். மிஸ் சொன்னபடி, கல்லில் படாமல் கோட்டின் மேல் மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறிக் கிட்டே பார்த்தேன். தூணில் பாதி, உத்திரத்தில் பாதி. நடுவில் மயிரிழைகூட விலகவில்லை. அது அசையவே இல்லை மாமா. அங்கே இருந்த யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. உங்களிடம் மட்டும் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது.

முழுவதையும் துடைத்துவிட்டேன். துடைத்ததில் தவறில்லை. அந்தக் கல் நமக்குப் பிறகும் நிற்க வேண்டியது. கீழே இறங்கியதும் மிஸ் என் தோளைத் தட்டி, "இருந்த இடமே தெரியலம்மா" என்று பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். வாரம் முழுக்க நின்றே வேலை பார்த்து, கால் வீங்கி வந்து படுப்பவரை வேலைவெட்டி இல்லாதவர் ஆக்கிவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

காலையிலிருந்து ஒன்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை வகுப்பில், தோழிகள் எதிரிலேயே சொல்ல வேண்டும். "மிஸ், அந்தக் கோடு எங்க மாமா போட்டது. தப்புதான். ஆனா அவரு வேலைவெட்டி இல்லாதவரு இல்ல. அன்னைக்கு அவருக்கு லீவு."

கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். வாசலில் சைக்கிள் நிற்கிறது. பின்சக்கர நட்டில் உங்கள் கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது. நாளைக் காலை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன்.