ராசாத்திக்கு நீ நடத்திய பாடம்

என் கண்ணான தம்பி சுந்தரத்துக்கு,

போன வாரம் நம் பள்ளிக்கூடத்தில் விழா. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஐந்தாம் வகுப்புச் சுவரில் புதுப்படம் ஒன்று தொங்குகிறது, மதுரையிலிருந்து வரவழைத்தது. மனுஷத் தலையைப் பாதியாகப் பிளந்தாற்போல வரைந்து, உள்ளே மூளையை வண்ணம் வண்ணமாகக் காட்டியிருக்கிறார்கள். அதற்குச் சந்தனம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு வயிறுதான் எரிந்தது.

இந்தப் பக்கத்துக்கே விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவர் என்று தலைமையாசிரியரை இன்ஸ்பெக்டர் புகழ்ந்தார். அவரும் கூச்சமில்லாமல் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உன் பெயர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. செத்தவன் எழுந்து வந்து கேட்கவா போகிறான்?

ராசாத்தியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உன் வகுப்புப் பிள்ளை, காக்காய் வலிப்புக்காரி. ஒருநாள் பாடத்தின் நடுவில் விழுந்து கைகால் இழுக்க, பிள்ளைகள் பேய் பேய் என்று வெளியே ஓடின. யாரோ அவள் கையில் சாவியைத் திணித்தார்கள். வீட்டில் அவளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் உடுக்கடித்துப் பேயோட்டுகிற கோடாங்கியின் சாட்டையடி என்பது அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை.

கம்பத்துக்குப் போய் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு வந்தாய். சந்தையில் ஓர் ஆட்டுத்தலை வாங்கி, பிளந்து, மூளையை அலுங்காமல் எடுத்து வாழையிலையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினாய். நமக்கும் தலைக்குள் இப்படித்தான் ஒன்று இருக்கிறது, கைகாலை ஆட்டுவிப்பது அதுதான், அதற்கு ஒரு நோய் வந்தால் வலிப்பு வரும், பேயுமில்லை பிசாசுமில்லை என்றாய். ராசாத்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உன்னைக் கேட்டாள்:

"அப்ப என்னைய எதுக்கு வாத்தியாரய்யா அடிக்கிறாக?"

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து, மூளையைத் தொட்ட அவள் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாய்.

பாடம் முடிந்ததும், வீணாக்குவானேன் என்று அந்த மூளையை இலையோடு மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனவர் நம் தலைமையாசிரியர். மிளகு போட்டு வறுத்ததில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்று மறுநாள் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பிள்ளை வீட்டில் போய், தன் தலைக்குள் ஆட்டு மூளை மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் இழுக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். கோடாங்கிக்கு அது போதாதா? வாத்தியார் வெட்டுப்பட்ட ஆட்டின் ஆவியை இவள் தலையில் ஏற்றிவிட்டார் என்று குறி சொல்லிவிட்டான். ஊர் திரண்டு வந்தது. விசாரணை நடந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற நம் தலைமையாசிரியர், ஆட்டு மூளையைத் தான் கண்ணாலும் பார்க்கவில்லை என்று சொன்னார். அவர் அதை இலையோடு கொண்டுபோனதை நான் பார்த்தேன் என்றேன். அக்காக்காரி அப்படித்தான் சொல்லுவாள் என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

உன் வேலை போயிற்று. மேகமலை எஸ்டேட்டில் கூலிக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாய். மலைக்காய்ச்சலில் உன்னை டோலி கட்டிச் சின்னமனூருக்கு இறக்கினார்கள். எனக்குத் தகவல் வந்து நான் ஓடி வந்தபோது உனக்கு ஆளே தெரியவில்லை. உன்னைக் கொன்றது காய்ச்சல் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தம்பி.

விழாவுக்கு வருகிறேன். மூளையின் பாகங்களைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கிய பிள்ளை யார் தெரியுமா? பேச்சி. நம் ராசாத்தியின் தங்கை. பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று கணீரென்று சொன்னாள். பரிசு என்ன தெரியுமா? கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் தெரு வழியாகப் போனேன். உடுக்குச் சத்தம் கேட்டது. மனசு கேட்காமல் உள்ளே போனேன். முற்றத்தில் ராசாத்தியைக் கிடத்தியிருந்தார்கள். குமரியாகிவிட்டாள், எலும்பும் தோலுமாக இருந்தாள். கோடாங்கி சாட்டையை ஓங்கிக்கொண்டிருந்தான். அவள் திமிறாமல் இருக்க இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பேச்சி.

"ஏத்தா, அன்னைக்கு அம்புட்டும் ஒப்பிச்சியே. அதுல பேய் எங்கன இருக்குன்னு போட்டிருந்துச்சு?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கள்ளமே இல்லை. காலை விடாமலே சொன்னாள்:

"அது பரிச்சைக்கு டீச்சர். இது வீட்டுக்கு."

ஏட்டுச் சுரைக்காய் என்று இத்தனை காலம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் கண்டேன். கோடாங்கி மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவன் பிழைப்பு அது. படத்துக்கு மாலை போட்டவர்கள் மேல்தான் வந்தது. குறுக்கே போய் ராசாத்தியைத் தூக்கி நிறுத்தினேன். அவளுடைய அப்பன் தடுக்கவில்லை.

"ஒங்க தம்பி ஏத்திவிட்டதுதானே. இம்புட்டுப் பாசம் இருந்தா நீங்களே வச்சுக்கங்க, பேயோட சேத்து" என்றான்.

வைத்துக்கொண்டேன். இப்போது அவள் என்னோடு இருக்கிறாள். பகலில் என் ஒன்றாம் வகுப்பில், பொடிசுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறாள். திங்கட்கிழமை விழுந்தாள். பிள்ளைகள் எழுந்து ஓடப் பார்த்தன. உட்காருங்கள் என்று அதட்டினேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து பேச்சியைக் கூட்டிவரச் சொன்னேன். ராசாத்தியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைப் பேச்சியின் மடியில் கொடுத்தேன். கையில் இரும்பும் இல்லை, வேப்பிலையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இழுப்பு தானாக அடங்கியது.

கண் திறந்ததும் ராசாத்தி செய்த முதல் காரியம், இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டதுதான். சாட்டை விழும் என்று. பேச்சி குனிந்து அதைப் பார்த்தாள். அந்தக் கையை விலக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தில் பேய் பிடித்தவளை வைத்திருப்பதற்கு விளக்கம் கேட்டு எனக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வேலை போனால் களையெடுக்கப் போவேன். ராசாத்தியை மட்டும் அந்த முற்றத்துக்குத் திரும்ப அனுப்ப மாட்டேன். விழுந்து எழுந்து கண் திறக்கும்போது அவள் கை முகத்துக்குப் போகாத ஒரு நாள் வரும். அதுவரை நான் அவள் பக்கத்தில்தான் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
வேலம்மாள்